ஆஸ்கர் வாங்கிய அதே ஹாலில் ஒதுக்கி வைக்கப்பட்ட மேஜை... யார் இந்த ஹாட்டி மெக்டேனியல்?

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டல். அங்கிருக்கும் 'கோகோநட் குரோவ்' ஹாலில் 12-வது ஆஸ்கர் விழா நடக்கிறது. 'கான் வித் தி விண்ட்' படக்குழு மொத்தமும் நடுவில் ஒரு பெரிய மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. விவியன் லீ, கிளார்க் கேபிள், ஒலிவியா டி ஹாவிலண்ட், தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் என எல்லோரும் அங்கே.

அதே படத்தில் நடித்து, அதே விழாவில் விருதுக்குப் போட்டியிட்ட ஒருவர் மட்டும் அந்த மேஜையில் இல்லை. சுவரோரமாகப் போடப்பட்ட ஒரு சின்ன மேஜையில், துணைக்கு வந்தவருடனும் தன் ஏஜென்ட்டுடனும் உட்கார்ந்திருந்தார். காரணம், அந்த ஹோட்டலுக்குள் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. செல்ஸ்னிக் தனிப்பட்ட முறையில் பேசி அனுமதி வாங்கியதால்தான் அவரால் வாசலையே தாண்ட முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் சிறந்த துணை நடிகைக்கான விருது அறிவிக்கப்பட்டது. அந்த ஓரத்து மேஜையில் இருந்து எழுந்து போய், கண் கலங்க விருதை வாங்கினார் ஹாட்டி மெக்டேனியல். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். அவர் தோற்கடித்தவர்களில் ஒருவர், பெரிய மேஜையில் இருந்த ஒலிவியா டி ஹாவிலண்ட்.

வாங்கிவிட்டு எங்கே போய் உட்கார்ந்தார்? அதே ஓரத்து மேஜைக்குத்தான்.

அடிமைகளாக இருந்தவர்களின் கடைசி மகள்

ஹாட்டி பிறந்தது 1893-ல், கன்சாஸ் மாகாணத்தின் விச்சிட்டா நகரில். வீட்டில் 13 குழந்தைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா ஹென்றி, அம்மா சூசன் இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவருக்கான படைப்பிரிவில் சேர்ந்து சண்டை போட்டவர் ஹென்றி. போரில் பட்ட காயங்கள் கடைசி வரை அவரை விடவில்லை. அதற்கான ஓய்வூதியத்துக்காகப் பல வருடங்கள் அரசிடம் மனு போட்டு அலைந்தார். நாட்டுக்காகச் சண்டை போட்டவர் வீட்டில் பல நாள் அடுப்பு எரிவதே கஷ்டம் என்ற நிலை.

பிறகு குடும்பம் கொலராடோ மாகாணத்துக்கு இடம்பெயர்ந்தது. டென்வர் நகரில்தான் ஹாட்டி வளர்ந்தார். பாட்டு, ஆட்டம், நடிப்பு எல்லாம் வீட்டிலேயே இருந்தது. அம்மா சர்ச்சில் பாடுவார். அண்ணன் ஓட்டிஸ் சொந்தமாக நாடகக் குழு நடத்தினார். இன்னொரு அண்ணன் சாம், அக்கா எட்டா ஆகியோரும் பின்னாளில் ஹாலிவுட்டில் நடித்தார்கள். பள்ளியில் படிக்கும்போதே பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஹாட்டி, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேடைக்கு வந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும். அந்தக் காலத்து அமெரிக்காவில் 'மின்ஸ்ட்ரல் ஷோ' என்று ஒரு மேடை நிகழ்ச்சி பிரபலம். வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கிண்டல் செய்து ஆடுவார்கள், பாடுவார்கள். கறுப்பினக் கலைஞர்களுக்கும் பெரும்பாலும் அந்த மேடைதான் கிடைத்தது. 1914-ல் ஹாட்டியும் எட்டாவும் சேர்ந்து பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். தங்களைக் கிண்டலடிக்க உருவான ஒரு வடிவத்தை எடுத்து, அதே கிண்டலைத் திருப்பிப் போட்டு விளையாடியவர் ஹாட்டி. அவர் வாழ்க்கை முழுக்க இதையேதான் செய்தார் என்று தோன்றுகிறது. கிடைத்த வேஷத்துக்கு உள்ளே இருந்துகொண்டே ஏதாவது ஒரு குறும்பு.

1915-ல் முதல் கணவர் இறந்துபோனார். அடுத்த வருடமே அண்ணன் ஓட்டிஸும் போய்விட்டார். குழு ஆட்டம் கண்டது. 1920-களில் டென்வரில் ஒரு இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். ரேடியோவில் பாடினார். சிகாகோவில் புளூஸ் இசைத்தட்டுகளும் வெளியிட்டார். அந்தப் பாடல்களில் பலவற்றை எழுதியதும் அவரேதான். நடிகை என்பதற்கு முன்னால் அவர் ஒரு பாடகி, பாடலாசிரியர். இது பலருக்கும் தெரியாத பக்கம்.

கழிவறை வேலையிலிருந்து மேடைக்கு

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. கச்சேரிகள் நின்றுபோயின. வேலை தேடி மில்வாக்கி பக்கம் போன ஹாட்டிக்கு ஒரு கிளப்பில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? பெண்கள் கழிவறையில் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. மேடையில் வெள்ளையர்கள் மட்டுமே பாடும் கிளப் அது. இவர் வேலை செய்துகொண்டே பாடுவதைக் கேட்ட வாடிக்கையாளர்கள், இவரை மேடை ஏற்றச் சொல்லி முதலாளியை நச்சரிக்க, ஒரு நாள் வாய்ப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு கழிவறைப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை.

1931-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அண்ணன் சாம் அங்கே ரேடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூலமாக ரேடியோ நிகழ்ச்சியில் ஒரு வேஷம் கிடைத்தது. முதலாளிக்கே உத்தரவு போடும் வாயாடி வேலைக்காரி. நிகழ்ச்சி ஹிட். ஆனா சம்பளம்? வயிற்றுக்கே பத்தாது. அதனால் ரேடியோவில் வேலைக்காரியாக நடித்துவிட்டு, மீதி நேரத்தில் நிஜமாகவே வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1932-ல் இருந்து சினிமா. ஆரம்பத்தில் பெயர் கூடப் போடாத வேஷங்கள், கூட்டத்தில் ஒருவர். 1934-ல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' படத்தில் அந்தக் கால சூப்பர் ஸ்டார் வில் ரோஜர்ஸுடன் சேர்ந்து பாடினார். அடுத்த வருடம் 'ஆலிஸ் ஆடம்ஸ்'. அதில் ஒரு விருந்துக் காட்சி. இல்லாத பணக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ள ஒரு குடும்பம் ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்கு வேலைக்காரியை அமர்த்தும். வந்த அம்மா சூயிங்கம் மென்றுகொண்டே, தலையில் இருக்கும் தொப்பி ஒரு பக்கம் சரிய, வேண்டா வெறுப்பாகப் பரிமாறுவார். கதாநாயகி கேத்தரின் ஹெப்பர்ன். ஆனால் அந்தக் காட்சியில் கண் ஹாட்டியை விட்டு நகராது. 1936-ல் வந்த 'ஷோ போட்' படத்தில் பால் ராப்சனுக்கு ஜோடி.

வெள்ளையர் ரசிகர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வேலைக்காரி என்றால் தலை குனிந்து நிற்கணும், இந்த அம்மா முதலாளியை முறைக்கிறாரே என்று எரிச்சல் பட்டார்கள்.

'மம்மி' கிடைத்தது எப்படி?

மார்கரெட் மிட்செல் எழுதிய 'கான் வித் தி விண்ட்' நாவல் 1936-ல் வெளியாகி விற்பனையில் சக்கைப்போடு போட்டது. உள்நாட்டுப் போர் காலத்தில் பருத்தித் தோட்ட முதலாளி குடும்பத்தில் நடக்கும் கதை. கதாநாயகி ஸ்கார்லெட்டை வளர்க்கும் அடிமைப் பெண்தான் மம்மி. அந்த வேஷத்துக்குப் போட்டி கடுமையாக இருந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டே, வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த ஒரு பெண்ணுக்காக செல்ஸ்னிக்கிடம் சிபாரிசு செய்தார். காமெடி நடிகை என்று பெயர் வாங்கியிருந்ததால் தனக்குக் கிடைக்காது என்றுதான் ஹாட்டியும் நினைத்திருந்தார். தேர்வுக்குப் பணிப்பெண் உடையிலேயே போய் நின்றார். வேஷம் அவருக்கே வந்தது.

இந்தப் படத்துக்கு எதிர்ப்பு அப்போதே இருந்தது. அடிமை முறையை ஏதோ பொற்காலம் போலக் காட்டும் கதை என்று கறுப்பினப் பத்திரிகைகளும், கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபி-யும் கேள்வி எழுப்பின. நாவலில் இருந்த இழிவான வசைச்சொல் ஒன்று திரைக்கதையிலிருந்து நீக்கப்பட்டது இந்த எதிர்ப்பால்தான்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி கட்டாயம் நினைவிருக்கும். ஸ்கார்லெட்டின் குழந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிடும். மம்மியும் மெலனியும் நீண்ட மாடிப்படியில் மெதுவாக ஏறுவார்கள். அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது, அப்பாக்காரன் எப்படி உடைந்துபோயிருக்கிறான் என்பதை ஏறிக்கொண்டே அழுதழுது சொல்வார் மம்மி. நடந்த எதையும் படம் நமக்குக் காட்டாது. ஹாட்டியின் முகமும் குரலும் மட்டும்தான். ஏறக்குறைய நான்கு மணி நேரப் படத்தில் அவருக்கு ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது இந்தச் சில நிமிடங்கள்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அட்லாண்டாவில் நடந்த பிரீமியர்

1939 டிசம்பர் 15. அட்லாண்டா நகரில் படத்தின் முதல் காட்சி. ஊரே திருவிழாக் கோலம். நட்சத்திரங்களைப் பார்க்கத் தெருவெல்லாம் கூட்டம். ஆனால் ஹாட்டி உட்பட படத்தில் நடித்த கறுப்பினக் கலைஞர்கள் யாரும் வரவில்லை. ஜார்ஜியா மாகாணச் சட்டப்படி அவர்கள் வெள்ளையர்களோடு ஒரே தியேட்டரில் உட்கார முடியாது. ஹாட்டி இல்லையென்றால் தானும் வரமாட்டேன் என்று கிளார்க் கேபிள் முரண்டு பிடித்ததாகவும், ஹாட்டியே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்ததாகவும் சொல்வார்கள்.

இதைவிட ஆச்சரியமான ஒரு தகவல் உண்டு. முதல் நாள் இரவு, வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு பிரம்மாண்ட நடன விருந்து நடந்தது. அதில் அடிமைகள் போல உடை உடுத்தி ஒரு கறுப்பின சர்ச் பாடகர் குழு பாடியது. அந்தக் குழுவில் நின்ற 10 வயதுச் சிறுவன் ஒருவனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர். ஆமாம், அவரேதான்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்கர் இரவு. தலையில் வெள்ளை கார்டீனியா பூக்களோடு வந்திருந்தார் ஹாட்டி. முந்தைய ஆண்டு அதே விருதை வென்ற ஃபே பெய்ன்டர் அவருக்கு வழங்கினார். அப்போதெல்லாம் துணை நடிகர்களுக்கு நாம் இன்றைக்குப் பார்க்கும் தங்கச் சிலை கிடையாது. சிறிய பலகை போன்ற ஒரு கேடயம்தான் தருவார்கள். அந்தக் கேடயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

விருதுக்குப் பிறகு?

வாய்ப்புகள் குவிந்திருக்கும் என்று நினைத்தால் தப்பு. வந்ததெல்லாம் வேலைக்காரி வேஷம். அதற்கடுத்தும் வேலைக்காரி வேஷம். வாழ்நாளில் 70-க்கும் மேற்பட்ட முறை அவர் இந்த வேஷத்தைப் போட்டதாகக் கணக்கு சொல்கிறார்கள். விதிவிலக்கு என்று சொல்ல வேண்டுமானால் 1942-ல் ஜான் ஹஸ்டன் இயக்கிய 'இன் திஸ் அவர் லைஃப்'. அதிலும் வேலைக்காரிதான். ஆனால் சட்டம் படிக்கும் தன் மகன் மீது பொய்யாகக் கொலைப்பழி விழும்போது, ஒரு கறுப்பின இளைஞன் சொன்னால் போலீஸ் கேட்காது என்பதை மனம் வெதும்பி, குரலை உயர்த்தாமல் சொல்லும் தாய். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இப்படி ஒரு காட்சி அபூர்வம்.

இந்த நேரத்தில்தான் இன்னொரு பக்கமிருந்து இடி இறங்கியது. என்ஏஏசிபி-யின் தலைவர் வால்டர் வைட் ஹாலிவுட்டுக்கே வந்து, கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டும் காட்டுவதை நிறுத்தச் சொல்லி ஸ்டுடியோ முதலாளிகளிடம் பேசினார். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வேஷங்களில் நடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஹாட்டி போன்றவர்களை அவர் கலந்து பேசவில்லை. அவர்களே குற்றவாளிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஹாட்டியின் கணக்கு ரொம்ப எளிமையானது. வேலைக்காரியாக நடித்தால் வாரம் 700 டாலர், நடிக்காவிட்டால் நிஜ வேலைக்காரியாக வாரம் 7 டாலர். இரண்டையும் பார்த்தவர் அவர். வைட் பார்த்ததில்லை.

யார் சொன்னது சரி? இரண்டு பேருமேதான் என்று தோன்றுகிறது. திரையில் மம்மியைப் பார்த்து வெள்ளையர்கள் கறுப்பினத்தவரைப் பற்றி ஒரு தவறான முடிவுக்கு வந்தார்கள் என்பதும் நிஜம். அந்தக் கதவு ஒன்றுதான் ஹாட்டிக்குத் திறந்திருந்தது என்பதும் நிஜம்.

வேலைக்காரி வேஷம் போடமாட்டேன் என்ற நிபந்தனையோடு எம்ஜிஎம்-மில் ஒப்பந்தம் போட்டார் இளம் பாடகி லீனா ஹார்ன். பழைய கறுப்பின நடிகர்கள் பலருக்கு அவர் மேல் கோபம், தங்கள் பிழைப்பில் மண் விழுமோ என்று. ஹாட்டியோ லீனாவை வீட்டுக்கு அழைத்து, ஆதரவாகப் பேசி அனுப்பினார்.

வீட்டுக்காக கோர்ட் படியேறிய கதை

சினிமாவைவிட முக்கியமானது என்று கூடச் சொல்லலாம். லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் 'சுகர் ஹில்' என்ற வசதியான குடியிருப்பு. அங்கே ஒரு பெரிய வெள்ளை வீட்டை வாங்கினார் ஹாட்டி. நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் எனப் பல கறுப்பினத்தவரும் அந்தப் பகுதியில் குடியேறினார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வீடுகளின் பத்திரங்களிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கவோ, அவர்கள் குடியிருக்கவோ கூடாது. அந்தக் கால அமெரிக்காவில் ஊர் ஊராக இப்படித்தான். இதைக் காட்டி, கறுப்பினத்தவரை வெளியேற்றச் சொல்லி வெள்ளை அண்டை வீட்டார் சிலர் வழக்குப் போட்டார்கள். ஹாட்டி சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தாரைத் தன் வீட்டில் கூட்டி, வழக்கை எதிர்கொள்ள ஏற்பாடு செய்தார். லோரன் மில்லர் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாதாடினார்.

1945 டிசம்பரில் தீர்ப்பு. நீதிபதி தர்மண்ட் கிளார்க் நேரில் போய் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்து, வழக்கைத் தள்ளுபடி செய்தார். அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் தரும் சம உரிமையை கறுப்பினத்தவருக்கு முழுமையாகத் தர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம். இப்படிப்பட்ட பத்திர நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் சொன்னது. அந்த வழக்குகளிலும் மில்லர் வாதாடியிருக்கிறார்.

பின்னாளில் 1960-களில் அந்த சுகர் ஹில்லைப் பிளந்துகொண்டு சான்டா மோனிகா அதிவேக நெடுஞ்சாலை போடப்பட்டது. அது தனிக்கதை.

சொந்த வாழ்க்கை அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக அமையவில்லை. நான்கு திருமணங்கள், எதுவும் நிலைக்கவில்லை. 50 வயதைத் தாண்டிய பிறகு கர்ப்பமாக இருப்பதாக நம்பி, குழந்தைக்கான அறையெல்லாம் தயார் செய்தார். அது கர்ப்பமே இல்லை என்று தெரிந்தபோது நொறுங்கிப்போனார்.

'பியூலா'

1947-ல் ரேடியோவில் ஒரு திருப்பம். 'பியூலா' என்ற கறுப்பினப் பணிப்பெண் பாத்திரத்துக்கு அதுவரை குரல் கொடுத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? வெள்ளைக்கார ஆண்கள்! அந்த இடத்துக்கு ஹாட்டி வந்தார். தேசிய ரேடியோ தொடர் ஒன்றின் நாயகியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். வாரம் 1,000 டாலர் சம்பளம். கறுப்பினத்தவர் என்றால் இப்படித்தான் உளறுவார்கள் என்று எழுத்தாளர்கள் எழுதி வைத்திருந்த கொச்சைப் பேச்சைப் பேசமாட்டேன் என்பது அவர் நிபந்தனை. வேஷம் அதே வேலைக்காரிதான். ஆனா இந்தத் தடவை விதிகளை எழுதியது அவர்.

டிவி தொடராக வந்த 'பியூலா'விலும் 1951-ல் நடிக்கத் தொடங்கினார். சில எபிசோடுகள்தான் முடிந்தன. உடம்பு ஒத்துழைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய். 1952 அக்டோபர் 26-ம் தேதி, திரைத்துறையினருக்கான மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 59.

கடைசி ஆசையும் நிறைவேறவில்லை

தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்கணும் என்று எழுதி வைத்திருந்தார் ஹாட்டி. வெள்ளை நிறப் பெட்டி, வெள்ளை உடை, தலையிலும் கையிலும் கார்டீனியா பூக்கள், சிவப்பு ரோஜாக்களால் ஆன தலையணை. அடக்கம் செய்ய வேண்டிய இடம், சினிமாக்காரர்கள் பலர் உறங்கும் ஹாலிவுட் கல்லறைத் தோட்டம்.

பூக்கள் கிடைத்தன. இடம் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவரை அடக்கம் செய்ய அந்தக் கல்லறை நிர்வாகம் மறுத்துவிட்டது. எல்லா இனத்தவருக்கும் இடம் கொடுத்த ஏஞ்சலஸ் ரோஸ்டேல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அவர் விட்டுச் சென்ற சொத்து 10,000 டாலருக்கும் குறைவு. வரித்துறை கேட்ட பாக்கியோ 11,000 டாலருக்கும் மேல்.

1999-ல் அந்த ஹாலிவுட் கல்லறையின் புதிய உரிமையாளர், உடலை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முன்வந்தார். குடும்பத்தினர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏரியைப் பார்த்தபடி ஒரு நினைவுக்கல் மட்டும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அந்த ஆஸ்கர் எங்கே?

கேடயத்தை வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார் ஹாட்டி. கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. அங்கே நாடகத் துறையில் வைக்கப்பட்டிருந்த அந்தக் கேடயம், பிறகு காணாமல் போனது. 1960-களின் இறுதியில் நடந்த மாணவர் போராட்டத்தின்போது கோபத்தில் பொடோமாக் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கூட உண்டு. ஆதாரம் எதுவும் கிடையாது.

இதற்கிடையே ஹாலிவுட் நகர்ந்த வேகத்தைப் பாருங்கள். அடுத்த கறுப்பின நடிகர் ஒருவர் போட்டிப் பிரிவில் ஆஸ்கர் வாங்கியது 1964-ல், சிட்னி பாய்ட்டியர். அடுத்த கறுப்பின நடிகை வாங்கியது 1991-ல், 'கோஸ்ட்' படத்துக்காக வூப்பி கோல்ட்பர்க். நடுவே 51 ஆண்டுகள். 2010-ல் விருது வாங்க வந்த மோனிக், தலையில் கார்டீனியா பூ வைத்துக்கொண்டு மேடையேறி, ஹாட்டிக்கு நன்றி சொன்னார்.

2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு போராட்டங்கள் வெடித்தபோது, 'கான் வித் தி விண்ட்' படத்தை எச்பிஓ மேக்ஸ் தளம் தற்காலிகமாக நீக்கியது. சில வாரங்களில், வரலாற்றுப் பின்னணியை விளக்கும் முன்னுரையோடு படம் திரும்ப வந்தது. அடிமை முறைக்கு வெள்ளையடித்த படம் என்று அதை மறந்துவிடவும் முடியவில்லை, ஹாட்டி இருக்கும்போது.

2023 அக்டோபர் 1-ம் தேதி, காணாமல் போன கேடயத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்து ஹோவர்டு பல்கலைக்கழகத்திடம் ஆஸ்கர் அகாடமி ஒப்படைத்தது. 1940-ல் அவர் கையில் வாங்கிய அசல் கேடயம் இன்றுவரை கிடைக்கவில்லை.